போனவர் திரும்பாத தீவு!

கிரீஸ் நாட்டைப் பற்றி ஒரு வைத்தியன் எழுதினால், ஹிப்போகிரட்டீஸ் பிறந்த காஸ் தீவைப் பற்றித்தான் எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். நியாயம்தான். நவீன மருத்துவத்தின் தந்தை பிறந்த மண் ஆயிற்றே! ஆனால், நான் உங்களை அழைத்துப் போகப் போவது வேறு ஒரு தீவுக்கு. அதன் பெயர் ஸ்பினலோங்கா.

மேப்பில் தேடினால் சட்டென்று கிடைக்காது. கிரீஸின் மிகப் பெரிய தீவான கிரீட்டின் வடகிழக்கு மூலையில், எலுண்டா என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில், கடுகு போட்ட மாதிரி ஒரு புள்ளி. மொத்தப் பரப்பே சுமார் 21 ஏக்கர்தான். நம்மூரில் ஒரு நடுத்தர விவசாயக் குடும்பத்தின் தென்னந்தோப்பு அளவு! இந்தத் துக்குணூண்டு இடத்தைப் பார்க்க வருடந்தோறும் லட்சக்கணக்கான பேர் வந்து போகிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

இடிந்த கோட்டை இருக்கிறது. கூரையில்லாத வீடுகள் இருக்கின்றன. சின்னதாக இரண்டு தேவாலயங்கள், ஒரு கல்லறைத் தோட்டம். அவ்வளவுதான்! 1904-லிருந்து 1957 வரை, ஐம்பத்து மூன்று வருடங்கள், இது தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து அடைத்த தீவு. ஐரோப்பாவில் கடைசி வரை இயங்கிய தொழுநோய்க் குடியிருப்புகளில் இதுவும் ஒன்று.

வெனிஸ்காரர்களும் துருக்கியர்களும்

முதலில் கோட்டைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியின் வெனிஸ் நகரத்து வணிகர்கள் ஒரு காலத்தில் கிரீட் தீவையே கையில் வைத்திருந்தார்கள். எலுண்டா துறைமுகத்தையும் அங்கிருந்த உப்பளங்களையும் காப்பாற்ற 1579-ல் இங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ‘ஸ்பினா லுங்கா’ என்றால் அவர்கள் பாஷையில் ‘நீளமான முள்’. உள்ளூர்க்காரர்கள் ‘எலுண்டாவுக்கு’ என்று சொன்னதுதான் வெனிஸ்காரர் காதில் அப்படி விழுந்து, மருவிப் பெயராகிவிட்டது என்பார்கள். திருவல்லிக்கேணி ஆங்கிலேயர் வாயில் ‘ட்ரிப்ளிகேன்’ ஆனதே, அந்தக் கதைதான்!

கோட்டை என்றால் சாதாரணக் கோட்டை இல்லை. 1669-ல் கிரீட் முழுவதும் துருக்கியர் வசம் போன பிறகும், இந்தச் சின்னஞ்சிறு தீவு மட்டும் மேலும் 46 வருடங்கள் தாக்குப் பிடித்தது. 1715-ல்தான் விழுந்தது. பிறகு துருக்கிய முஸ்லிம் குடும்பங்கள் வந்து வீடு கட்டி, கடை வைத்து வாழ்ந்தார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே இருந்தார்கள். 1898-ல் துருக்கிய ஆட்சி முடிந்து கிரீட் தன்னாட்சி பெற்றதும் அவர்கள் ஒவ்வொருவராக வெளியேறத் தொடங்கினார்கள். 1903-ல் புதிய அரசு ஒரு தீர்மானம் போட்டது. இனி இது தொழுநோயாளிகளுக்கான தீவு! மிச்சமிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். 1904 அக்டோபரில் 251 நோயாளிகள் படகில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள்.

அந்த அரசைக் கொடுமைக்கார அரசு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதுவரை இந்த நோயாளிகள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? ஊர்களுக்கு வெளியே, குகைகளிலும் குடிசைகளிலும். வழிப்போக்கர்களிடம் கையேந்தித்தான் சாப்பாடு. தீவில் தலைக்கு மேல் கூரை கிடைத்தது. அரசு மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்தது. வைத்தியத்துக்கும் அன்று உருப்படியான மருந்து கிடையாது. 1873-ல் நார்வே டாக்டர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். அது பாவமும் இல்லை, பரம்பரைச் சாபமும் இல்லை, வெறும் கிருமி என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதிதானே? ஆனால் நடந்தது தலைகீழ். “கிருமியா? அப்படியானால் தொற்றுமே! பிடித்து அடைத்து வை” என்று பல நாடுகள் கிளம்பின. 1897-ல் பெர்லினில் கூடிய தொழுநோய் மாநாடே தனிமைப்படுத்துவதைத்தான் சிபாரிசு செய்தது.

தாந்தேயின் வாசல்

படகில் போய் இறங்கினால், கோட்டை மதிலில் குடைந்த மாதிரி ஒரு வளைவுப் பாதை. உள்ளே சில அடிகள் இருட்டு. இதற்கு ‘தாந்தேயின் வாசல்’ என்று பெயர். நரகத்தைப் பற்றிப் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தே இருக்கிறாரே, அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் நோயாளி இந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். நரகத்துக்குப் போகிறோம் என்று அவர்களே வைத்துக்கொண்ட பெயர்!

உள்ளே நுழைந்தவர் திரும்பியதில்லை. ஏனென்றால், அன்று குணமாக வழியே இல்லை. 1913-ல் கிரீட் கிரீஸோடு இணைந்த பிறகு நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்தும் நோயாளிகளை இங்கே அனுப்பினார்கள். ஒரு காலகட்டத்தில் 400 பேர் வரை இருந்தார்களாம். கைகால் நன்றாக உள்ளவர் அந்தஸ்தாக வாழ்ந்துவிட்டு வந்திருப்பார், வாத்தியார் வந்திருப்பார், விவசாயி வந்திருப்பார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் வந்திருக்கும். அந்த மதிலைத் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகனைப் பார்க்கப் போன சமயத்தில், அங்கிருந்து நானும் என் மனைவியும் கிரீட்டுக்குப் போய் வந்தோம். கோட்டை மதில் மேல் நின்றபோது என் மனைவி எதிர்க்கரையைக் காட்டி, “என்னங்க, இவ்வளவு பக்கத்துலயா ஊரு இருக்கு? கூப்பிட்டா கேட்கும் போலிருக்கே!” என்றாள். ஆமாம். எதிரே பிளாக்கா என்ற மீனவர் கிராமம். நடுவில் இருக்கும் கடல் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ராத்திரி அந்தக் கரையில் எரியும் விளக்கு இங்கே தெரியும். கல்யாண மேளம் கேட்டிருக்கும். அந்தக் கரையிலிருந்து தினமும் காய்கறியும் ரொட்டியும் கொண்டுவந்து கோட்டை வாசலில் கடை போடுவார்கள். நோயாளி கொடுக்கும் காசைக் கிருமிநாசினியில் போட்டு எடுத்துத்தான் வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் எழுதும் கடிதமும் மருந்துப் புகை பட்ட பிறகுதான் தபாலில் போகும். காசிலும் காகிதத்திலும் இந்த நோய் தொற்றாது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

தீவில் காதலும் உண்டு, கல்யாணமும் உண்டு. சட்டம் தடுத்தும் திருமணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. குழந்தைக்கு நோய் இல்லை என்று தெரிந்தால், தாயிடமிருந்து பிரித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். தாய்க்கு அது சந்தோஷமா துக்கமா என்று நான் எப்படிச் சொல்ல?

வக்கீலுக்குப் படித்த பையன்

1936-ல் ஒரு இளைஞர் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டார். பெயர் எபாமினொண்டாஸ் ரெமுண்டாக்கிஸ். ஏதென்ஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர், வயது இருபதைத் தாண்டி ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் விதியே என்று உட்கார்ந்திருந்த இடத்தில், இவர் நோயாளிகளைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். ‘ஸ்பினலோங்கா நோயாளிகள் சகோதரத்துவம்’ என்று அதற்குப் பெயர். எங்களுக்கு வேண்டியது தர்மம் இல்லை, உரிமை என்பதுதான் அவர் பேச்சின் சாரம்.

வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருவைச் சுத்தம் செய்தார்கள். சலூன் வந்தது, காபிக் கடை வந்தது, நாடகம் போட்டார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். தெருவில் ஒலிபெருக்கி கட்டி சங்கீதம் ஒலிக்கவிட்டார்கள். 1930-களின் கடைசியில், தீவைச் சுற்றி நடக்க ஒரு பாதை வேண்டும் என்று வெனிஸ் கோட்டை மதிலையே சில இடங்களில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்! சரித்திர ஆராய்ச்சியாளர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். எனக்கென்னவோ, அந்த மதிலில் பார்த்தவற்றிலேயே எனக்குப் பிடித்தது அந்த ஓட்டைகள்தான். காலாற நடந்து கடலைப் பார்க்க ஒரு பாதை... அதைக்கூட மதிலை உடைத்துத்தானே வாங்க வேண்டியிருந்தது!

ரெமுண்டாக்கிஸுக்குப் பிற்காலத்தில் நோய் முற்றிப் பார்வை போய்விட்டது. ஆனாலும் தன் கதையைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டார். 1973-ல் ஒரு பிரெஞ்சு இயக்குநர் எடுத்த ஆவணப் படத்தில் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். 1978-ல் காலமானார்.

நம் மலையிலிருந்து போன எண்ணெய்

இந்த இடத்தில் என் துறை விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீரடிமுத்து என்ற மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக் கரைகளில் வளரும். பெருநோய்க்கும் தோல் வியாதிகளுக்கும் அதன் விதையை நம் பழைய வைத்தியர்கள் பயன்படுத்தினார்கள். கல்லூரியில் நாங்கள் மனப்பாடம் செய்த பாடம் இது. இதே இனத்து மரத்தின் எண்ணெய் ‘சால்மூக்ரா’ என்ற பெயரில் 19-ம் நூற்றாண்டின் மத்தியில் வங்காளத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், குடிக்கவே முடியாது. 1915-ல் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் ரசாயன ஆராய்ச்சியாளர் அதை ஊசியாகப் போடும் வழியைக் கண்டுபிடித்தார். பாவம், 24 வயதிலேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு சுமார் 30 வருடங்கள் உலகத்துத் தொழுநோய் இல்லங்களில் முக்கியமான மருந்து இந்த எண்ணெய்தான்.

பலன் இருந்ததா? சிலருக்குப் புண் ஆறியது, கொஞ்சம் குறைந்தது. நோயை வேரோடு ஒழிக்கவில்லை. நான் சித்த மருத்துவன் என்பதற்காக இதை மறைத்துப் பேச முடியாது.

வேரறுத்தது சல்ஃபோன் மருந்துகள். 1941-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் முதலில் பயன்படுத்தினார்கள். 1940-களில் நம் செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் இதே வகை மருந்தைக் கொடுத்து நல்ல பலன் கண்டார். பிறகு டாப்சோன் என்ற மலிவான மாத்திரையாக அது உலகம் முழுவதும் போனது. 1940-களின் முடிவில் கிரீஸுக்கும் புது மருந்து வந்தது. ஸ்பினலோங்காவில் ஒவ்வொருவராகக் குணமாகி அதே இருட்டு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். மிச்சமிருந்தவர்களை 1957-ல் ஏதென்ஸ் மருத்துவமனைக்கு மாற்றிவிட்டுத் தீவை மூடினார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் போகவில்லை. அங்கிருந்த பாதிரியார்! அவர்கள் மத வழக்கப்படி, இறந்தவருக்கு 40-ம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பிரார்த்தனை செய்ய வேண்டும். கடைசியாக இறந்தவர்களுக்கு யார் செய்வார்கள்? 1962 வரை அதற்காகவே தீவில் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார் அந்த மனிதர்.

“பேரு எழுதாம மாத்திரை கிடைக்குமா ஐயா?”

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்கிறீர்களா? சில வருடங்களுக்கு முன் என் கிளினிக்குக்கு ஒரு அம்மா, காலேஜில் படிக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். முழங்கைக்கு மேல் ஒரு வெளிறிய படை. ஒரு வருடமாகத் தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருந்தார்களாம். அரிப்பு இல்லை. அந்த இடத்தில் வியர்ப்பதும் இல்லை. பெண்ணைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன். “எங்க தொடறேன், காட்டும்மா” என்றேன். மற்ற இடத்தையெல்லாம் சரியாகக் காட்டிய பெண்ணுக்கு, அந்தப் படையில் தொட்டது மட்டும் தெரியவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, “ஐயா, பேரு எழுதாம மாத்திரை கிடைக்குமா? நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகணுமே” என்றுதான் கேட்டார். ஏதாவது பஸ்பம், லேகியம் கொடுத்து நீங்களே குணப்படுத்திவிடுங்கள் என்று கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இதற்கு என்னிடம் வரும் ஒவ்வொரு மாதமும் ஒரு நரம்பு போகும் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஆறு மாத மாத்திரையோடு முடிந்தது. இன்று அந்தப் பெண் வேலைக்குப் போகிறாள். கை விரல்கள் பத்தும் பத்திரம்.

வாசகர்கள் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். தோலில் வெளிறியோ சிவந்தோ ஒரு படை இருந்து, அதில் தொட்டால், சுட்டால், குத்தினால் உணர்ச்சி குறைவாக இருக்கிறதா? சூடான பாத்திரம் பட்டுக் கொப்புளித்தும் வலி தெரியவில்லையா? உள்ளங்கை, உள்ளங்காலில் மரமரப்பு, செருப்பு நழுவுவது தெரியாமலே போவது, காது மடல் தடித்துப் போவது... தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். கூட்டு மருந்து சிகிச்சை என்ற எம்.டி.டி. மாத்திரை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் பயம் போய்விடும். தனித் தட்டு, தனிப் பாய், தனி அறை எதுவும் வேண்டாம். கூட இருப்பவர்களையும் டாக்டர் பரிசோதிப்பார். தேவைப்பட்டால் அவர்களுக்கு ஒரே ஒரு வேளை தடுப்பு மருந்து தருவார்.

இன்னொன்று. பெரும்பாலான மனிதர்களின் உடம்பு, சுமார் நூற்றுக்கு 95 பேருக்கு, இந்தக் கிருமியை இயற்கையாகவே எதிர்த்து நின்றுவிடும். நெருங்கி, மாதக்கணக்கில், சிகிச்சை எடுக்காத ஒருவரோடு பழகினால்தான் மிச்சப் பேருக்கும் ஆபத்து. ஐம்பத்து மூன்று வருடம் கடலும் மதிலும் வைத்துத் தடுத்தது இவ்வளவு சோம்பேறியான ஒரு கிருமியை!

உலகத்தில் 2023-ல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட தொழுநோயாளிகள் சுமார் 1,80,000 பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழி செய்த 1898-ம் வருடச் சட்டத்தை நாம் 2016-ல்தான் ரத்து செய்தோம். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்பதை 2019-ல்தான் எடுத்தோம். கிரீஸ்காரர்களைக் குறை சொல்லும் முன் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

கிரீட்டின் ஹெராக்ளியோன் விமான நிலையத்திலிருந்து ஆகியோஸ் நிக்கோலாவ்ஸ் என்ற அழகான துறைமுக நகரத்துக்கு சுமார் ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்தும் படகு உண்டு, கொஞ்சம் நேரம் எடுக்கும். எலுண்டாவிலிருந்து 20 நிமிடம், பிளாக்காவிலிருந்து 10 நிமிடம்தான். விக்டோரியா ஹிஸ்லாப் என்ற இங்கிலாந்து எழுத்தாளர் 2005-ல் இந்தத் தீவை வைத்து ‘தி ஐலண்ட்’ என்ற நாவல் எழுதினார். 2010-ல் அது கிரேக்க டி.வி.யில் தொடராக வந்து சக்கைப்போடு போட்டது. அன்றிலிருந்து பிளாக்காவில் கூட்டம்தான்! காசைக் கிருமிநாசினியில் முக்கிய அதே கரையில் இப்போது வரிசையாக மீன் ஹோட்டல்கள்.

ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை போகலாம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் மண்டையைப் பிளக்கும். நிழலுக்கு மரம் அதிகம் கிடையாது. தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு மூன்றும் அவசியம். முட்டி வலிக்காரர்கள் மேலே ஏறாமல் கீழ்ப் பாதையில் சுற்றினாலே போதும். நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி தங்க அனுமதி இல்லை.

சீரமைத்த கடைத்தெருவை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஜன்னல் பலகைகளில் பூசிய பழைய வண்ணத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். துணி துவைத்த கல் தொட்டிகளைப் பாருங்கள். கட்டுத் துணிகளை வெந்நீரில் அலச அடுப்பு வைத்திருந்த இடம் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே ஆஸ்பத்திரிக் கட்டடம், கடலைப் பார்த்த அரைவட்டக் கொத்தளம், 1709-ல் கட்டிய புனித பான்டலெய்மோன் தேவாலயம். அவர் வைத்தியராக இருந்து மதத்துக்காக உயிர் கொடுத்த புனிதர், நோயாளிகளின் காவலர்.

கல்லறைத் தோட்டம் மதில் ஓரம் இருக்கிறது. சிமெண்ட் மூடி போட்ட குழிகள் வரிசையாக. ஒன்றிலும் பெயர் இல்லை. எண்ணக்கூட முடியாதபடி ஒரே குழியில் பலரை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே நின்றபோது எதிர்க்கரையிலிருந்து அடுத்த படகு கிளம்பி வந்துகொண்டிருந்தது, நிறைய குழந்தைகளோடு.